ஆகஸ்டில் ஹூஸ்டன்: குடிபோகும் முன் ஒரு சுற்று

ஆகஸ்ட் 8, வெள்ளி

"ஹூஸ்டனுக்குக் குடி வர்றதா இருந்தா ஆகஸ்ட்ல ஒரு தடவை வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மார்ச்ல வந்தா ரோட்டோரம் புளூபானெட் பூத்துக் கிடக்கும், அதைப் பாத்தே கையெழுத்துப் போட்டுடுவீங்க." என் கணவருடைய அலுவலகத்தில், ஹூஸ்டனிலேயே பல வருஷமாக இருக்கும் ஒருவர் சொன்னது. அதைக் கேட்டுத்தான் இந்த மாதத்தில் கிளம்பினோம்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். ஜனவரியிலிருந்து இவருக்கு மேற்கு ஹூஸ்டனில் வேலை, எண்ணெய்க் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் எனர்ஜி காரிடாரில். போகலாமா வேண்டாமா என்ற பேச்சை அத்தையின் முழங்கால் முடித்துவைத்துவிட்டது. போன குளிர்காலத்தில் வாசல்படிப் பனியில் வழுக்கி விழுந்தவர், வசந்தம் வரும்வரை வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை. எந்தப் பக்கம் குடியேறுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. மகள் ஆறாம் வகுப்பு போகிறாள், மகனுக்கு ஐந்து வயது.

சாயங்காலம் ஏழு மணிக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அத்தையின் மூக்குக்கண்ணாடி பூராவும் ஆவி படிந்துவிட்டது. துடைத்தார், மறுபடி படிந்தது. வாடகைக் காரில் 95 என்று காட்டியது, நம் கணக்கில் 35 டிகிரி. "நம்ம ஊர் மாதிரிதானே இருக்கு" என்றார் அத்தை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னையில் எவ்வளவு காய்ந்தாலும் மதியத்துக்கு மேல் கடல் காற்று என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கை இருக்கும். இங்கே கடல் ஐம்பது மைல் தள்ளி கால்வெஸ்டனில் இருக்கிறது, நகரத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதன் ஈரம்தான். ராத்திரி ஒன்பதரைக்கு ஹோட்டல் வாசலில் நின்று பார்த்தேன், மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

சாப்பாடு ஹில்கிராஃப்ட்டில். அந்த வட்டாரத்துக்கே மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். மசால் தோசை 11 டாலர், சாம்பாரில் வெல்லம் தூக்கல், ஆனால் தேங்காய்ச் சட்னி அன்றைக்கு அரைத்தது. பரிமாறியவர் அத்தை எழுந்திருக்கச் சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் கொலாச்சே. செக் நாட்டிலிருந்து டெக்சஸில் குடியேறியவர்கள் கொண்டுவந்த இனிப்பு ரொட்டி, நடுவில் பழக்கூழ். ஒன்று இரண்டரை டாலர். அத்தைக்கு ஆப்ரிகாட் வைத்தது பிடித்துப்போய் இன்னொன்று கேட்டார். அப்புறம் மேற்குப் புறநகரான கேட்டியை நோக்கி ஐ-10 நெடுஞ்சாலை. சில இடங்களில் பக்கவாட்டுச் சாலைகளையும் சேர்த்தால் 26 தடம் என்கிறார்கள். இத்தனை இருந்தும் சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஊர்ந்துதான் போனோம். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மகள் ஓடிவந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள். நியூ ஜெர்சியில் பெட்ரோல் நாமே போடச் சட்டம் இடம் கொடுக்காது, அவளுக்கு இது புதுசு. கேலன் 2.69.

கேட்டியில் ஏஜென்ட் முதலில் காட்டியது பள்ளிக்கூட ரேட்டிங், இரண்டாவது நீச்சல்குளம். புது வீடுகள் எல்லாம் அழகுதான். நாலு படுக்கையறை, 4,50,000 டாலர். எடிசனில் இந்த அளவு வீட்டை இந்த விலைக்கு நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் சொத்துவரி 2.8 சதவீதம் என்றார், வருஷத்துக்கு 12,600. விலை குறைந்த வீட்டுக்கு, எங்கள் ஊரில் வரியாகக் கட்டுவதற்குக் கிட்டத்தட்ட அதே தொகை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அந்தப் பணத்தை அரசாங்கம் வேறெங்காவது எடுத்தாக வேண்டும் அல்லவா. இதில் மட் என்று ஒரு பகுதியும் உண்டு. புதுக் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய், சாக்கடை, வடிகால் போட அந்தப் பகுதிக்கென்றே ஒரு மாவட்டம் அமைத்துக் கடன் பத்திரம் வெளியிடுகிறார்கள், அந்தக் கடனைக் குடியிருப்பவர்கள் வரியாக அடைக்கிறார்கள். குடியிருப்பு எவ்வளவு புதுசோ அவ்வளவுக்கு விகிதம் அதிகம், பழசாக ஆகக் குறையும். வீட்டு விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"இங்கே வெள்ளம் வந்ததா?" என்று நான் கேட்டதற்கு, "இந்தத் தெருவில் வரவில்லை" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டபோது, ஜாபர்கான்பேட்டையில் என் அப்பா அம்மா தரைத்தள வீட்டிலிருந்து மொட்டைமாடிக்கு ஏறி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எடிசனில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ராத்திரிக்குப் பிறகு எந்த வீட்டைப் பார்த்தாலும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் போகும் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

அதனால் மதியம் ஏஜென்டை அனுப்பிவிட்டு நாங்களே ஜார்ஜ் புஷ் பார்க்குக்குப் போனோம். வெஸ்ட்ஹைமர் பார்க்வே என்ற சாலை அதன் நடுவே போகிறது. இரண்டு பக்கமும் புல்வெளி, கால்பந்து மைதானங்கள், அப்புறம் அடர்ந்த மரங்கள். "ஏரி எங்கம்மா?" என்று மகன் கேட்டுக்கொண்டே வந்தான். அவன் ஓடிக்கொண்டிருந்த அந்தப் புல்வெளிதான் ஏரி. இதன் பெயர் பார்க்கர் நீர்த்தேக்கம், இதற்கு வடக்கே அடிக்ஸ் என்று இன்னொன்று. 1929இலும் 1935இலும் நகரம் மூழ்கிய பிறகு, 1940களில் ராணுவப் பொறியாளர் பிரிவு கட்டியது. சாதாரண நாளில் மதகு திறந்தே இருக்கும், உள்ளே தண்ணீர் தங்காது. பெருமழை வந்தால் மதகை மூடி, கீழே இருக்கும் நகர மையத்தைக் காப்பாற்றுவார்கள். கரையென்றால் கிழக்குப் பக்கம் நீளமாக ஒரு மண் மேடு, அதன்மேல் ஆட்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மேற்குப் பக்கம் கரையே இல்லை, நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது, அந்த ஏற்றத்தில்தான் வீடுகள்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது நடந்தது இதுதான். நகரத்தில் சில நாளில் 40 அங்குலத்துக்கு மேல் மழை. நீர்த்தேக்கத்துக்குள் தண்ணீர் ஏறி ஏறி, அரசாங்கம் வாங்கி வைத்திருந்த நிலத்தைத் தாண்டி, மேற்கே இருந்த வீடுகளுக்குள் போனது. அணையைக் காப்பாற்ற மதகைத் திறந்ததும் கிழக்கே பஃபலோ பையூ என்ற ஓடையின் ஓரம் இருந்த வீடுகளும் மூழ்கின. மேற்கே இருந்த பலருக்குத் தாங்கள் குடியிருப்பது நீர்த்தேக்கத்தின் வயிற்றுக்குள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. 1990களில் உள்ளூர் நிர்வாகமான ஃபோர்ட் பெண்ட் கவுண்டி சில மனை வரைபடங்களில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டிருந்ததாம், இங்கே நீர் தேக்கப்படலாம் என்று. வீடு வாங்குகிற எத்தனை பேர் மனை வரைபடத்தைத் தேடிப் படிக்கிறார்கள்? மேற்குப் பக்கத்து வீடுகள் மூழ்கியதற்கு மத்திய அரசே பொறுப்பு என்று 2019இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அங்கே நாயோடு நடந்து வந்த பெரியவர் ஒருவரிடம் பேசினோம். தொப்பியைக் கழற்றி அத்தைக்கு வணக்கம் சொன்னார். "வெள்ளம் வந்ததா என்று கேட்காதீர்கள். கராஜ் தரை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி, தேக்கம் நிரம்பினால் எத்தனை அடி வரும், இந்த இரண்டு எண்ணைக் கேளுங்கள்" என்றார். இந்தப் பயணத்தில் கிடைத்த ஆகச் சிறந்த புத்திமதி இது. ஹோட்டலுக்கு வந்ததும் இவர் காலையில் பார்த்த வீடுகளின் முகவரிகளை எல்லாம் வெள்ள வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரே குடியிருப்பில், ஒரே விலையில், ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகிற இரண்டு தெருக்கள். ஒன்று மேட்டில், இன்னொன்று தேக்கத்தின் விளிம்பில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பியர்லாண்ட் மீனாட்சி கோவில். வெயில் ஏறும் முன் போய்விட வேண்டும் என்று அத்தை ஆறு மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டார். நாலு பக்கமும் கோபுரம், உள்ளே அம்மன் சன்னிதியில் நின்றதும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். பத்தரைக்கு வெளிப் பிரகாரம் சுற்றும்போதே கல் சுட ஆரம்பித்துவிட்டது, மகன் புல்லில் இறங்கி ஓடினான். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரை, தயிர்சாதம். மிளகாய்ப்பொடி டப்பாவை எங்கள் பக்கம் நகர்த்திவிட்ட அம்மா ஒருவர், நாங்கள் வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அரை மணி நேரம் எங்களோடே உட்கார்ந்து எந்தச் சாலை மழைக்கு மூழ்கும் என்று வரிசையாகச் சொன்னார். பியர்லாண்ட் எங்களுக்குப் பிடித்தது. ஆனால் மெடிக்கல் சென்டரில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது சரி, எனர்ஜி காரிடாருக்கு அங்கிருந்து தினமும் போய் வர முடியாது.

மதியம் சுகர்லாண்டில் இவருடைய கல்லூரி நண்பர் வீடு. பெயருக்கு ஏற்றபடி அது சர்க்கரை ஆலை ஊர்தான், 2003 வரை ஆலை ஓடியது, பழைய செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. அந்தக் கரும்புத் தோட்டங்களில் சிறைக் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை வாங்கினார்கள். 2018இல் பள்ளிக்கூடம் ஒன்று கட்டத் தோண்டியபோது கறுப்பினத் தொழிலாளிகள் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. மரங்கள் நிழல் விரித்த அந்த அமைதியான தெருக்களில் போகும்போது நண்பர் இதைச் சொன்னார். எங்கள் பிள்ளைகள் இங்கே படித்தால் இதையும் தெரிந்துகொண்டுதான் வளர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர் வீட்டுக் கொல்லையில் முருங்கை, வாழை, கறிவேப்பிலை. அத்தை கறிவேப்பிலை மரத்தடியிலேயே நின்றுவிட்டார். எடிசனில் தொட்டியில் வைத்து, அக்டோபரில் உள்ளே தூக்கி, மே மாதம் வெளியே தூக்கி வளர்க்கிற செடி, இங்கே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. முருங்கையின் அடிமரத்தை நண்பரின் மனைவி காட்டினார். முழங்கால் உயரத்தில் கறுத்து மொட்டையாக ஒரு கட்டை, அதன் பக்கத்தில் வேரிலிருந்து கிளம்பிய மூன்று புதுத் தண்டுகள். 2021 பிப்ரவரியில் உறைபனிப் புயல் வந்தபோது கருகியதாம். அந்த வாரம் டெக்சஸ் முழுக்க 45 லட்சம் வீடுகளில் மின்சாரம் போனது. இவர்கள் வீட்டில் பரணில் போன குழாய் வெடித்துக் கூரை அட்டை இடிந்து விழுந்திருக்கிறது. இங்கே வீடுகளுக்கு நிலத்தடித் தளம் கிடையாது, தண்ணீர்க் குழாய் பரண் வழியாகப் போகிறது, உறைபனிக்கு யாரும் தயாராக இல்லை.

2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது ஆறு நாள் கரண்ட் இல்லையாம். நகரத்தில் 22 லட்சம் இணைப்புகள் அன்றைக்கு அணைந்தன. "காத்து கூடப் பரவாயில்ல, அதுக்கப்புறம் வந்த வெயில்தான் தாங்க முடியல" என்றார் நண்பரின் மனைவி. மாமனாரை மட்டும் ஆஸ்டினில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வயதானவர் இருக்கிற வீட்டுக்கு ஜெனரேட்டர் அவசியச் செலவு என்று நானும் இவரும் அங்கேயே முடிவு செய்துவிட்டோம்.

அப்புறம் இன்னொன்றும் பார்த்தேன். வீட்டின் சுவரோரமாகச் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. செடிக்கு இல்லையாம், அஸ்திவாரத்துக்கு. இங்கே களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், வீட்டின் கான்கிரீட் தளம் வெடிக்கும். அதனால் கோடையில் மண்ணுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள்.

சாப்பாடு வத்தக்குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும். கீரை மரத்திலிருந்து நேராக வாணலிக்கு வந்தது. கிளம்பும்போது ஒரு பை நிறையக் கறிவேப்பிலை கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஏழே காலுக்கு சுகர்லாண்டிலிருந்து இவர் அலுவலகம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஹைவே 6 வழியாக 50 நிமிடம், டோல் சாலையில் திரும்பி வந்தபோது 35. பள்ளிகள் திறக்கிற வாரம், இனி கூடத்தான் செய்யும்.

மதியம் மளிகைக் கடை நிறுத்துமிடத்தில் கார் கிளம்பவே இல்லை. வெயிலில் பேட்டரி போய்விட்டது, இங்கே குளிரை விட வெயில்தான் பேட்டரியைத் தின்னுமாம். வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டால் நாற்பது நிமிடம் பாட்டுதான் கேட்டது. பிள்ளைகளையும் அத்தையையும் கடைக்குள் அனுப்பிவிட்டு நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், 99 டிகிரி, தார் மிதிக்க மிதிக்க இளகியது. நாங்கள் கூப்பிடாமலே பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கேபிளை எடுத்து மாட்டி, இரண்டு நிமிடத்தில் ஓட வைத்தார். பணம் நீட்டியதற்கு "நோ மேம்" என்று சிரித்துவிட்டு, தன் குளிர்பெட்டியிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்குள் போனால், பழம் அடுக்கும் பையன் தன் ஸ்டூலை அத்தைக்குக் கொடுத்து உட்கார வைத்திருந்தான். எடிசனிலும் நல்லவர்கள் உண்டு, ஆனால் முன்பின் தெரியாதவருக்காக இப்படி நின்று நேரம் கொடுக்கிறவர்களை அங்கே நான் அதிகம் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு வானம் கறுத்து இருபது நிமிடம் கொட்டித் தீர்த்தது. நின்றதும் வெயில் வந்தது, சாலையிலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு சுரங்கப்பாதை ஓரத்தில் அடிக்கணக்கில் கோடு போட்ட கம்பம் நட்டிருந்தது. எதற்கு என்று மகள் கேட்டாள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று வண்டி ஓட்டுகிறவர்கள் பார்க்க என்றதும், கடைசிக் கோடு தன் தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேயர்லாண்ட். நாங்கள் வாங்கப்போகிற இடம் இல்லை, ஆனால் பார்க்காமல் போகக் கூடாது என்று நானே பிடிவாதமாக வந்தேன். 2015, 2016, 2017 என்று மூன்று வருஷம் தொடர்ந்து பிரேஸ் பையூ வெள்ளம் பார்த்த வட்டாரம். ஒரு வீடு 1950களில் கட்டிய தாழ்வான செங்கல் வீடு, அடுத்தது ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டியது, அதற்கு அடுத்தது வெறும் புல் முளைத்த காலி மனை. உயர்த்திய வீட்டு வாசலுக்குப் படி ஏறிப் பார்க்க அத்தையால் முடியவில்லை. வெள்ளத்துக்குத் தப்பிக்க உயர்த்திய வீடு முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது என்பது நேரில் பார்த்தபோதுதான் உறைத்தது.

எதிர்வீட்டு அம்மா தோட்டத்துக் குழாயை நிறுத்திவிட்டு வந்து பேசினார். மூன்று வெள்ளத்துக்கும் அங்கேயே இருந்தவர். பையூவை அகலப்படுத்தும் வேலை 2022இல் முடிந்ததிலிருந்து மனசு கொஞ்சம் நிம்மதி என்றார். ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை, அவராகவே, அவர்களுடைய யூதக் கோவிலும் பிள்ளைகள் படித்த பள்ளியும் நடக்கிற தூரத்தில் இருப்பதைச் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஜாபர்கான்பேட்டை வீட்டை விட்டு வர மாட்டேன் என்று என் அம்மா சொல்வதும் இதே மாதிரி காரணங்களால்தான்.

மாலை காப்பீட்டுக்காரரிடம் போனில் பேசினோம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு தனி, கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொதுவாக வாங்கி 30 நாள் கழித்துத்தான் செல்லும். புயல் டிவியில் தெரிந்த பிறகு வாங்கிப் பயனில்லை. நூறு வருஷ வெள்ளம் என்று இவர்கள் சொல்வது, ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருஷக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது அது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு. வெள்ள வரைபடத்தில் அந்த நூறு வருஷ வெள்ளத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தாலும் காப்பீடு எடுத்துவிடுவது என்று முடிவு. 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் வீடு விற்கிறவர் முன்பு வெள்ளம் வந்ததா என்று எழுதித் தர வேண்டும், அந்தத் தாளையும் கேட்டு வாங்க வேண்டும்.

ராத்திரி பெல்லேர் புலிவார்டில் வியட்நாம் கடை. காய்கறி ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் 13 டாலர், குழந்தைகளுக்குத் தனிக் கிண்ணம் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அத்தை வெறும் சாதமும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து, நண்பர் வீட்டு வத்தக்குழம்பு மிச்சத்தோடு இரண்டாவது ரவுண்டு.

ஆகஸ்ட் 13, புதன்

விமானம் மூன்று மணி நேரம் தாமதம், இடி மின்னல். அங்கே உட்கார்ந்துதான் பேசி முடித்தோம்.

ஹூஸ்டனுக்கு வருகிறோம். ஆனால் இப்போது வீடு வாங்கவில்லை. சுகர்லாண்டில் படிக்கட்டு இல்லாத ஒற்றைத்தள வீடு வாடகைக்கு, மாதம் 2,800 டாலருக்குள், ஜனவரியிலிருந்து ஒரு வருஷ ஒப்பந்தம். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதை முழுசாக ஒரு தடவை உள்ளே இருந்து பார்த்த பிறகு வாங்குகிற பேச்சு. ஏஜென்டிடம் இதைச் சொன்னபோது, அதற்குள் விலை ஏறிவிடும் என்றார். ஏறட்டும். ராத்திரியில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தவர்களின் மகள் நான், எனக்கு இந்த ஒரு வருஷம் வேண்டும்.

அத்தைக்கு ஒரு கவலை பாக்கி. ஐந்து மாதம் பனியில் அடைந்து கிடந்ததுக்குப் பதிலாக நாலு மாதம் ஏசியில் அடைந்து கிடப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நண்பரின் மாமனார் கோடையில் காலை ஆறு மணிக்கு நடந்துவிட்டு ஏழரைக்குள் திரும்பிவிடுவாராம், நவம்பரிலிருந்து மார்ச் வரை நாள் பூராவும் வெளியேதான். அந்தக் கணக்கில் அத்தைக்கு இங்கே வெளியே இருக்கிற நாள் அதிகம். அவரும் யோசித்துவிட்டுச் சரி என்றார், ஆனால் வாடகை வீட்டுக்குப் பின்பக்கம் மண் இருக்க வேண்டும், சிமென்ட் போட்டிருக்கக் கூடாது என்று நிபந்தனை.

நாங்கள் குறித்துவைத்திருப்பது மூன்று தெரு, மூன்றிலும் கராஜ் தரை உயரத்தை இவர் எழுதி வைத்திருக்கிறார். அக்டோபரில் அலுவலக வேலையாக இவர் மட்டும் மறுபடி வருகிறார். அன்றைக்கு மழை பெய்தால் வேலை முடிந்ததும் மூன்று தெருவுக்கும் போய் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எத்தனை நேரத்தில் வடிகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.